உங்கள் பங்கை எடுத்து வைத்திருக்கிறோம்

எங்கள் சேகரத்தில் பிறந்து வெளியூர்களில் வாழும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான பிள்ளைகளே,

சென்னை, பெங்களூர், கோவை, துபாய், தோஹா என்று எங்கெங்கோ இருக்கிற உங்களுக்கு, நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலிருந்து இந்த மடலை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு நான் ஓய்வுநாள் பள்ளி டீச்சர். சிலருக்கு, உங்கள் அம்மாவுக்கே டீச்சர். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். இந்தச் செம்மண் தேரியும் பனையும் ஞாயிற்றுக்கிழமை முதல் மணிச் சத்தமும் உங்களுக்கு மறந்திருக்காது.

போன கிறிஸ்துமஸ் லீவில் வாலிபர் கூடுகை முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டீச்சர், எனக்குக் கோயில்ல ஒண்ணுமே தோண மாட்டேங்குது. எல்லாரும் சந்தோஷம் சந்தோஷம்னு பாடுதாங்க. எனக்கு மட்டும் அது எங்க போச்சுன்னு தெரியல" என்றான். நகரத்தில் பெரிய சபை ஒன்றுக்குப் போகிறானாம். பாட்டும் இசையும் அவ்வளவு நன்றாக இருக்குமாம். முதல் ஆறு வாரம் கண்ணீர் வர ஆராதித்தானாம். பிறகு அதுவும் வற்றிப்போய்விட்டது. ஊருக்கு வந்து நம் கோயிலில் உட்கார்ந்தால் இங்கேயும் ஒன்றும் இல்லை. "நான் தப்பா இருக்கேனா, இல்ல எல்லாரும் சும்மா சொல்லுதாங்களா?"

நான் அவன் தோளைத் தொட்டு, "ஜெபம் பண்ணு தம்பி" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பதில் தப்பில்லை. ஆனால் போதாது. வீட்டுக்கு வந்த பிறகு அது என்னை உறங்கவிடவில்லை. அவன் கேட்டது உங்களில் எத்தனையோ பேர் கேட்காமல் வைத்திருக்கிற கேள்வி. அதனால் அவன் ஒருவனுக்குச் சொல்ல நினைத்ததை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

நெகேமியாவின் புத்தகத்தில் எட்டாம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்த ஜனங்கள் எருசலேமின் மதிலைக் கட்டி முடித்துவிட்டார்கள். தண்ணீர் வாசலுக்கு முன்னே இருந்த வீதியில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகக் கூடுகிறார்கள். எஸ்றா விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை வேதத்தை வாசிக்கிறார். கேட்கக் கேட்க ஜனங்கள் அழுகிறார்கள். அப்போது அவர்களுக்குச் சொல்லப்பட்டதுதான், கர்த்தருக்குள் மகிழ்வதே அவர்களுடைய பெலன் என்ற அந்த வார்த்தை. நம் வீட்டுக் காலண்டர்களில் எத்தனை முறை பார்த்திருப்போம்!

அதற்கு முன்னால் சொல்லப்பட்டது காலண்டரில் வருவதில்லை. போய்க் கொழுமையானதைச் சாப்பிடுங்கள், இனிப்பானதைக் குடியுங்கள், வீட்டில் ஒன்றும் ஆக்கி வைக்காதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஜனங்களும் போய் அப்படியே செய்தார்கள். அழுதுகொண்டிருந்தவர்களுக்கு மகிழ்ச்சி வந்தது வேதத்தைக் கேட்டதால். அந்த மகிழ்ச்சி நடமாடியது, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போன சோற்றுப் பாத்திரத்தில்.

பங்கு என்ற இந்தச் சொல்லை எனக்கு மிகவும் பிடிக்கும். நம் கத்தோலிக்கச் சகோதரர்கள் தங்கள் சபை வட்டாரத்தையே பங்கு என்கிறார்கள். நாம் சேகரம் என்கிறோம். சேகரம் என்றால் சேர்ப்பது, பங்கு என்றால் பிரித்துக் கொடுப்பது. இரண்டு சபையாரும் ஆளுக்குப் பாதியாக முழு உண்மையைச் சொல்லி வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வேன். கர்த்தர் தருகிற சந்தோஷம் பங்காகவே வருகிறது. தனக்குரியதை வாங்கிக்கொள்வதும், அடுத்தவருக்குரியதைக் கொண்டு சேர்ப்பதும் சேர்ந்துதான் அது நிறைகிறது. அந்தத் தம்பி கோயிலில் தேடியது, தனியாக உட்கார்ந்திருக்கிற ஒருவனுக்குள் தானாக ஊறி வருகிற ஓர் உணர்வை. அது சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளில் என்ன செய்வது என்பதைச் சபைதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

என் அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். எங்கள் அடுப்படியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. உலை வைக்கும்போதெல்லாம் அம்மா அரிசியை அளந்து, களைவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்து அந்த டின்னில் போடுவார்கள். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். கைப்பிடி அரிசிக் காணிக்கை என்று உங்கள் பாட்டிமாரும் செய்திருப்பார்கள். மழை பொய்த்த ஒரு வருஷம், அளந்ததே ஒரு உழக்குதான் இருந்தது. அன்றைக்கும் அம்மா டின்னைத் திறந்தார்கள். "இன்னைக்குமா?" என்று கேட்டேன். எனக்கு அப்போது எட்டு வயது, பசி. அம்மா சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "முதல்ல எடுத்து வச்சிட்டா, மிச்சம் இருக்கது அவரு நமக்குத் தந்ததா இருக்கும். சாப்பிட்டு மிச்சத்துல எடுத்தா, நாம அவருக்குத் தந்ததா ஆயிரும். எது நல்லாருக்கும்னு நீயே சொல்லு."

அந்த இரவு நாங்கள் கஞ்சியைத்தான் குடித்தோம். ஆனால் எங்கள் கஞ்சி தெய்வம் தந்த கஞ்சியாக இருந்தது. அம்மா அதற்காக ஜெபம் பண்ணியபோது குரலில் குறை இல்லை. சந்தோஷம் என்று நான் முதலில் தெரிந்துகொண்டது அதைத்தான்.

ஒரு கைப்பிடி எவ்வளவு தூரம் போகும் என்றும் சொல்கிறேன். 1903-ஆம் ஆண்டு நம் திருநெல்வேலிச் சபையார் இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நம் ஆட்கள், நம் காணிக்கை, நம் பொறுப்பு என்று தொடங்கி, மொழியே தெரியாத தெலுங்குச் சீமைக்கு, நிஜாம் ராஜ்யத்து தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அனுப்பியவர்கள் பெரிய பணக்காரர்கள் இல்லை. பனையேறிகளும் சிறு விவசாயிகளும் உபாத்திமாரும் கொடுத்த காசு அதில் இருந்தது. அந்தச் சங்கத்தின் முதல் செயலாளர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. நம் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர். பின்னர் அவரே தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912-இல் இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயரானார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1910-இல், எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா பேசினார். மேல்நாட்டு மிஷனெரிகளின் தியாகத்துக்கு மனதார நன்றி சொன்னார். உங்கள் ஆஸ்தியைத் தந்தீர்கள், உங்கள் சரீரத்தையே தந்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அந்தச் சபையில் அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! பள்ளிக்கூடம் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, கோயில் கோபுரம் எழும்பியது. ஆனாலும் சமமாக உட்கார்ந்து பேசுகிற நட்பு இல்லாத இடத்தில் சுவிசேஷத்தின் சந்தோஷம் முழுதாக இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். ஆலயம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அங்கே உங்கள் பெயர் ஒருவருக்கும் தெரியாது என்றால் அந்தச் சந்தோஷம் நிலைக்காது. ஆறு வாரத்தில் எது வற்றியது என்று அந்தத் தம்பிக்கு இப்போது விளங்கலாம்.

இனி என் கதையில் ஒரு பகுதியைச் சொல்ல வேண்டும். உங்களில் மூத்தவர்களுக்கு இது தெரியும்.

உங்கள் சார்வாள், என் வீட்டுக்காரர், ஒரு ஜூன் மாதத்தில் கர்த்தரிடம் போனார்கள். அடக்க ஆராதனையில் பாடகர் குழு பாடியது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் கழித்து மறுபடி பாடகர் குழுவில் போய் நின்றேன். வீட்டில் இருந்தால் சுவர் நெருக்கியது, அதனால் போனேன். பாட வரவில்லை. வாயைத் திறந்தால் சத்தத்துக்குப் பதில் வேறெதுவோ வரும் போல இருந்தது. சும்மா நின்றேன்.

எனக்குப் பக்கத்தில் நிற்கிற அக்கா இருபது வருஷமாக என்னோடு ஆல்ட்டோ பாடுகிறவர்கள். அவர்கள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆறுதல் வசனமும் சொல்லவில்லை. என் பாமாலைப் புத்தகத்தை எடுத்து, அன்றைய பாட்டின் பக்கத்தைத் திறந்து, என் கையில் வைத்தார்கள். பாடிக்கொண்டே என் புத்தகத்தில் விரலை வைத்து வரி வரியாக நகர்த்திக்கொண்டே போனார்கள். சரணம் முடிந்ததும் அடுத்த சரணத்தின் தொடக்கத்தில் விரல் காத்திருக்கும். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் முழுதும் அப்படித்தான். நான் பாடவில்லை. ஆனால் பாட்டு எந்த இடத்தில் போகிறது என்று எனக்கு ஒவ்வொரு வாரமும் தெரிந்தது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் பயிற்சி. நல்ல மழை. அக்காவுக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டியிருந்தது. பாதியில் கரண்ட் போய்விட்டது. ஆர்கன் நின்றுபோனது, புத்தகம் தெரியவில்லை. ஆனாலும் மனப்பாடமான பாட்டு என்பதால் யாரும் நிறுத்தவில்லை. இருட்டில் பாடிக்கொண்டே போனோம், நான் வழக்கம்போலச் சும்மா நின்றேன். இரண்டாம் சரணத்தில் பார்த்தால் நம் பக்கத்துக் குரல் கேட்கவில்லை. சோப்ரானோ இருக்கிறது, ஆண்கள் இருக்கிறார்கள். நடுவில் ஒரு பள்ளம். அக்கா பாட முயன்று இருமுகிறார்கள். அந்தப் பள்ளம் எனக்குப் பொறுக்கவில்லை. எப்போது வாயைத் திறந்தேன் என்று எனக்கே தெரியாது. மூன்றாம் சரணத்தில் நான் பாடிக்கொண்டிருந்தேன். இருட்டில் அக்காவின் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

துக்கம் அன்றைக்குத் தீர்ந்துபோகவில்லை. இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அந்த இருட்டில் துக்கத்தோடு கூடவே சந்தோஷமும் வந்து நின்றது. இரண்டும் ஒரே பெஞ்சில் உட்கார முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஐந்து மாதம் எனக்கு இல்லாத சந்தோஷத்தை மற்றவர்கள் எனக்காக வைத்துக்கொண்டிருந்தார்கள். என் பங்கு தேவைப்பட்ட நாளில் அது எனக்குத் திரும்பி வந்தது.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வரும். கவிஞர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ஜான் பனியனின் பயணக் கதையைத் தழுவி எழுதிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வெளிவந்தது. பனியனின் கதையில் கடைசியில் ஓர் ஆறு வரும். மரண ஆறு. அதைக் கடக்கும்போது பயணிக்குக் கால் தரையில் பாவவில்லை, இருள் மூடுகிறது, முங்குகிறான். கூட வந்த வழித்துணைதான் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே, வாசல் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறான். அந்தத் துணையின் பெயரே நம்பிக்கைதான். முங்குகிறவனுக்கு நம்பிக்கை தன் மனசுக்குள்ளிருந்து வரவில்லை. பக்கத்தில் நடந்து வந்த ஆளாக வந்தது. சபை எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் அந்த ஆற்றைத்தான் காட்டுவேன்.

இப்போது நீங்கள் மனசுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. "டீச்சர், நம்ம சபை இவ்வளவு நல்லதுன்னா, சபைத் தேர்தல் சமயத்துல என்ன நடக்கு?" நியாயமான கேள்வி. மறைக்காமல் பேசுவோம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள் அணி பிரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். திருவிருந்து மேசைக்குப் போகும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். கோயில் விஷயம் கோர்ட்டுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பழைய பாவம் ஒன்று இருக்கிறது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டானியேல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று எழுதினார். ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணச் சம்மதிக்காமல் பலர் சபையை விட்டே போனார்கள். ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு ஆகிறது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூட இன்னும் கோடு இருக்கிறது. கோடு போட்ட இடத்தில் கர்த்தருடைய சந்தோஷம் தங்காது. உங்கள் தலைமுறை அதை அழிக்க வேண்டும் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் சண்டை இருப்பதால் சந்தோஷம் பொய் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பவுல் பிலிப்பி சபைக்கு எழுதின நிருபத்தைப் பாருங்கள். காவலில் இருந்துகொண்டு எழுதினது. நான்கே அதிகாரம்தான், ஆனால் சந்தோஷம் என்ற பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. ஆற்றங்கரையில் ஜெபத்துக்குக் கூடிய பெண்கள், இரத்தாம்பரம் விற்ற லீதியாள், நடுராத்திரியில் காயத்தைக் கழுவிவிட்ட சிறைச்சாலைக்காரன் என்று தொடங்கிய சபை அது. எப்போதும் கர்த்தருக்குள் சந்தோஷமாக இருக்கும்படி பவுல் இரண்டு முறை அழுத்திச் சொல்கிற அந்த வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு இரண்டு வசனம் மேலே போய்ப் பாருங்கள். எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள். பவுலோடு சுவிசேஷத்துக்காகப் பாடுபட்டவர்கள். இப்போது ஒருவரோடொருவர் மனஸ்தாபமாக இருக்கிறார்கள். பவுல் இரண்டு பேருக்கும் பெயர் சொல்லிப் புத்தி சொல்கிறார். அவர்களுக்கு உதவிசெய்யும்படி இன்னொருவரைக் கேட்டுக்கொள்கிறார். அதன் பிறகுதான் சந்தோஷமாக இருங்கள் என்கிறார்.

அந்த நிருபம் சபையில் எல்லோர் முன்னும் வாசிக்கப்பட்டிருக்கும். அந்த இரண்டு பெண்களும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். சந்தோஷப்படுங்கள் என்ற கட்டளை முதலில் போய் விழுந்தது சண்டைக்காரர் இருவரும் இருந்த அறையில். எல்லாம் சரியான பிறகு மகிழலாம் என்று பவுல் காத்திருக்கவில்லை. நாமும் காத்திருக்க வேண்டாம். யாரோடு பேச்சு நின்றுபோயிருக்கிறதோ அவருக்கு இன்றைக்கு ஒரு போன் போடுங்கள். அதுவும் ஆராதனைதான்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கூடிப் பழகினால் போதும், கோயில் ஒரு நல்ல சங்கம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். சந்தோஷத்தின் ஊற்று ஆண்டவர்தான். நாம் பங்கு கொடுப்பதற்கு முன்னால் அவர் தம்மையே பங்கிட்டார். ஒவ்வொரு திருவிருந்திலும் குருவானவர் அப்பத்தைப் பிட்டு உங்கள் உள்ளங்கையில் வைக்கும்போது நடப்பது அதுதான். முழங்கால் வரிசையில் உங்களுக்கு இந்தப் பக்கம் பேங்க் மேனேஜர் இருக்கலாம், அந்தப் பக்கம் கோயில்குட்டியார் இருக்கலாம். எல்லோருக்கும் ஒரே அளவு துண்டு. அதை வாங்குவதற்குக் கையை ஏந்துவது தவிர நாம் செய்வது ஒன்றுமில்லை. நமக்கு ஒன்றும் தோன்றாத நாளிலும் அப்பம் கைக்கு வருகிறது. ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்ன தம்பிக்கு இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். உன் உணர்வை அளந்து பார்த்து அவர் பங்கு வைப்பதில்லை, மகனே. வா. கையை ஏந்து.

1799-இல் முதலூர் என்ற கிறிஸ்தவ ஊர் உண்டான கதையை ஓய்வுநாள் பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறேன். ஞானஸ்நானம் பெற்றதால் சொந்த ஊரில் அடி வாங்கியவர்கள் சேர்ந்து குடியேறிக் குடிசை போட்டு, ஓலை வேய்ந்த ஜெபவீட்டைக் கட்டிக்கொண்டார்கள். தனியாக ஒருவன் விசுவாசத்தைக் காப்பாற்ற முடியும் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. பக்கத்து வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டால்தான் இந்த வீட்டில் பயம் இல்லாமல் தூங்கலாம். இன்றைக்கு உங்களை யாரும் அடிப்பதில்லை. ஆனால் பன்னிரண்டாம் மாடியில், பூட்டிய கதவுக்குள், போனைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிற ராத்திரிகள் உங்களுக்கு இருக்கின்றன. உங்கள் அம்மாமார் என்னிடம் சொல்கிறார்கள். அந்தத் தனிமையும் ஓர் அடிதான்.

அதனால் சில காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் இருக்கிற ஊரில் உங்கள் பெயர் தெரியும்படியான ஒரு சபையில் சேருங்கள். அது சின்னதாக இருந்தால் நல்லது. வாடகைக் கட்டிடமாக இருந்தாலும் பரவாயில்லை. ஆராதனைக்குப் பத்து நிமிஷம் முன்னால் போய் நாற்காலி போடுங்கள். முடிந்ததும் ஓடிவிடாமல் அவற்றை மடக்கி வையுங்கள். நாற்காலி மடக்குகிற இடத்தில்தான் ஆட்களைத் தெரிந்துகொள்ள முடியும். தனியாக வருகிற வயதானவர் யாராவது இருப்பார். அவரைத் தேடிப் போய்ப் பேசுங்கள். மாதத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கிற ஒருவரைப் பார்த்து வாருங்கள். அறையில் உங்களோடு தங்கியிருப்பவன் எந்த மதத்தவனாக இருந்தாலும் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுங்கள். ராத்திரி வீட்டுக்குப் போன் பண்ணும்போது, குடும்ப ஜெபம் நடக்கிற நேரமாகப் பார்த்துப் பண்ணுங்கள். ஸ்பீக்கரில் போட்டு உங்கள் அப்பா ஒரு சங்கீதம் வாசிக்கட்டும். இரண்டு நிமிஷம் போதும். சாப்பிட உட்காரும்போது, வாங்கி வந்த பார்சலாக இருந்தாலும், கண்ணை மூடி நன்றி சொல்லிவிட்டுப் பிரியுங்கள்.

இவற்றில் ஒன்றுகூடப் பெரிய காரியம் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் முதல் சபையார் வீடுகள்தோறும் அப்பம் பிட்டு மகிழ்ச்சியோடும் கபடில்லாத இருதயத்தோடும் சாப்பிட்டார்கள் என்று எழுதியிருக்கிறது. அவர்கள் செய்ததும் இவ்வளவுதான்.

கடைசியாக இந்த வருஷத்து அசன விருந்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நீங்கள் வர முடியவில்லை. உங்களுக்கு லீவு இல்லை என்று தெரியும்.

முந்தின ராத்திரி நாங்கள் பெண்கள் எல்லோரும் கோயில் முற்றத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தோம். வெங்காயக் கண்ணீரோடு வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பாடினோம். 1774-இல் இதே திருநெல்வேலியில் பிறந்தவருடைய பாட்டு, இன்னும் அரிவாள்மனைப் பக்கத்தில் உயிரோடு இருக்கிறது. விடியற்காலையில் அடுப்பு மூட்டினார்கள். பன்னிரண்டு மூட்டை அரிசி. சோற்றை வடித்து வடித்துப் புதுப்பாய்களில் குவித்து வெள்ளை வேட்டியால் மூடினார்கள். ஆவி மேலே எழும்பிக் கோயில் சன்னல் வரை போனது. அண்டாக்களில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்தது. குருவானவர் ஜெபம் பண்ணி முதல் கரண்டி எடுத்துக் கொடுத்தார். பந்தி பந்தியாக ஜனம் உட்கார்ந்தது. மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். பக்கத்து ஊர் இந்துச் சகோதரர்கள் வந்தார்கள். பஜாரிலிருந்து பாய்மார் வந்தார்கள். இலை போட இடம் பற்றாமல் பள்ளிக்கூட வராந்தாவையும் திறந்துவிட்டோம்.

வர முடியாதவர்களின் பட்டியலை எழுதுவது பல வருஷமாக என் வேலை. படுக்கையில் இருப்பவர்கள், பிள்ளை பெற்றவர்கள், கண் தெரியாதவர்கள். இந்த வருஷம் பதினான்கு பேர். பதினான்கு தூக்குவாளிகளை நிரப்பி வாலிபப் பையன்கள் பைக்கில் கொண்டுபோனார்கள். வேதத்தில் சொன்ன பங்கு அதுதான் என்று ஒவ்வொரு வருஷமும் அவர்களிடம் சொல்லி அனுப்புவேன்.

வாளிகள் போன பிறகு நான் பந்தியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட தம்பியின் அம்மா வாளியும் கரண்டியுமாகப் பரிமாறிக்கொண்டு வந்தார்கள். பந்தியின் கடைசியில் வடக்கேயிருந்து கட்டிட வேலைக்கு வந்த ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். மகன் வயதுதான் இருக்கும். பாஷை தெரியாமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தம்மா அவனுக்குச் சோறு போட்டார்கள். போதும் என்று கையைக் காட்டினான். கொஞ்சம் நின்றார்கள். "இது எம் மவன் பங்கு. அவன் வரல, நீ சாப்பிடுய்யா" என்று சொல்லி இன்னொரு கரண்டி வைத்தார்கள். அவனுக்கு வார்த்தை புரிந்திருக்காது. ஆனாலும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். அந்தம்மாவும் சிரித்தார்கள். கண் நிறைந்திருந்தது.

தம்பி, நீ தேடிக்கொண்டிருந்தது அன்றைக்கு உன் பெயரில் பரிமாறப்பட்டது. அந்தப் பையனைப் போல் ஒருவன் உன் ஊரில் உன் பக்கத்திலேயே இருப்பான். அவனைத் தேடிக் கண்டுபிடி. பிள்ளைகளே, உங்கள் எல்லோருடைய பங்கும் இங்கே இருக்கிறது. நீங்கள் வரும்வரை உங்கள் பெயரைச் சொல்லி யாருக்காவது கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதித்துக் காக்கட்டும்.

ஜெபத்தோடும் அன்போடும்,
உங்கள் ஓய்வுநாள் பள்ளி டீச்சர்